ஸ்டோர் தராசும் இடுப்புக் கயிறும்

"ஆள் நல்லா இருக்கான்" என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். சதை போட்டிருக்கிறான் என்று பொருள். "என்னப்பா, இப்படி இளைச்சுப் போயிட்டே, வீட்ல கவனிக்கிறது இல்லையா?" என்பது அதற்கு நேர் எதிர். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பசி கண்ட பரம்பரை சதையைச் செல்வமாக நினைத்ததில் குற்றம் காண முடியாது.

இப்போது பேச்சு மாறியிருக்கிறது. பெரட்டுக்குப் போகும் பெண்களும், தாமான்களுக்குக் குடிபோய்விட்ட பிள்ளைகளும், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு மோட்டாரில் ஓடும் இளைஞர்களும் "தீபாவளிக்குள்ளே பத்து கிலோ குறைக்கணும்" என்று பேசுவதை நாம் கேட்கிறோம். உடம்பைப் பேண வேண்டும் என்ற நினைப்பு வந்ததே பெரிது, மகிழ்ச்சிதான். ஆனால் பத்து கிலோ என்று குறி வைக்கிறோமே, எதில் பத்து கிலோ? தண்ணீரிலா, தசையிலா, கொழுப்பிலா? அதைக் கேட்காமல் தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால் பயன் இல்லை என்பதே இந்த வாரம் நாம் சொல்ல வரும் சேதி.

தோட்டத்துக்காரர்களுக்கு இதைப் பாடம் நடத்தி விளக்க வேண்டியதில்லை. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்து நின்றால் கிராணி என்ன செய்வார்? எடை போடுவார். அதோடு விட்டுவிடுவாரா? மாட்டார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, இதில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பார். வாளி கனத்தால் மட்டும் போதாது. அந்தக் கனத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். காய்ந்த சரக்கு நூற்றுக்கு முப்பதோ, முப்பத்தைந்தோ, நாற்பதோ. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அது மாறும். கூலிக் கணக்கு காய்ந்த எடைக்குத்தான். அந்த எண்ணைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று ஸ்டோர் வாசலில் நம் சங்கத்துக்காரர்கள் எத்தனை நாள் நின்று வாதாடியிருக்கிறார்கள்! பாலுக்கு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குக் கேட்ட நாம், சொந்த உடம்பை மட்டும் மொத்த எடையில் தள்ளிவிடுகிறோமே, இது நியாயமா?

உடம்பும் வாளிப் பால் மாதிரிதான். எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் தராசு முள்ளைத் தள்ளுகின்றன. வெயிலில் நிரை முடித்து வந்தவர் காலையில் இருந்ததைவிட ஒரு கிலோ குறைந்திருக்கலாம். தண்ணீரும் சோறும் உள்ளே போனதும் அந்த ஒரு கிலோ திரும்பி வந்துவிடும். கொழுப்பு கரையவும் இல்லை, கூடவும் இல்லை. "நேத்து அறுபத்தெட்டு, இன்னிக்கு அறுபத்தேழு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் வேர்வையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கிளினிக்கில் தாதி உயரத்தையும் எடையையும் வைத்து ஒரு கணக்குப் போடுவார். எடைக் கிலோவை உயர மீட்டரால் ஒரு தடவை வகுத்து, வந்ததை மறுபடியும் அதே மீட்டரால் வகுப்பது. பி.எம்.ஐ. என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டின் கெத்தலே என்ற கணித அறிஞர் கண்ட கணக்கு இது. மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய அவர் போட்டது. தனி ஒருவருக்கு வைத்தியம் பார்க்க அல்ல. வெள்ளைக்காரர்களுக்கு 25-க்கு மேல் போனால் எடை அதிகம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆசிய மக்களுக்கு அது பொருந்தாது, 23-லிருந்தே கவனம் வேண்டும், 27.5-க்கு மேல் ஆபத்து மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கண்ட முடிவு 2004-ல் வெளிவந்தது.

சரி, 23-க்குக் கீழே இருந்தால் தப்பித்தோமா? அங்கேதான் நம் இனத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

அதே 2004-ல் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். மற்றவர் இந்தியாவின் புனே நகரத்து சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. தாதியின் அட்டையில் இருவருமே 'நலம்'. ஆனால் எக்ஸ்ரே கருவியில் கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2 விழுக்காடு. ஒரே கனமுள்ள இரண்டு வாளி, மெட்ரோலாக் மட்டும் வேறு!

யாஜ்னிக் இதற்கு முன்பே குழந்தைகளை ஆராய்ந்தவர். புனே வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்ஹாம்டனில் 3.5 கிலோ. நம் பிள்ளைகளுக்குத் தசையும் உள்ளுறுப்பும் சிறுத்திருந்தன, ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பற்றாக்குறை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரிலும் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிடச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவருக்கும் உடம்பில் கொழுப்பு அதிகம். மூவரிலும் இந்தியருக்கு அதிகம் என்று கண்டார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 62 கிலோ உள்ள ஒருவர். பி.எம்.ஐ. 22.8. தராசும் சரி என்கிறது, அட்டையும் சரி என்கிறது. கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் முன்னால் வருகிறது. இடுப்பைச் சுற்றி அளந்தால் 94 சென்டிமீட்டர். இப்படிப்பட்டவர்கள் நம் லயங்களில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். "சாப்பாட்டுத் தொப்பைதானே, விடுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே போகிறவர்களில் பலருக்கு ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் கொழுப்பு படிந்திருக்கிறது. தொடையில், இடுப்புக்குக் கீழே தங்கும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்யாது. வயிற்றுக்குள் தங்குவதுதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்து, இனிப்பு நீர் வியாதிக்கும் இருதய நோய்க்கும் கதவைத் திறந்து வைக்கிறது.

ஆகவே நாம் அளக்க வேண்டியது இடுப்பு. நம் நாட்டில் வைத்திருக்கும் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தையல்காரர் டேப் இருந்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சட்டையைத் தூக்கிவிட்டு, மூச்சை விட்ட நிலையில், இறுக்காமல் பிடிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால் ஏமாறுவது யார்? டேப் இல்லையென்றால் ஒரு சணல் கயிறு எடுங்கள். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு அதை வெட்டுங்கள். இரண்டாக மடித்து, மடித்த இடத்தில் நறுக்குங்கள். அந்தப் பாதிக் கயிறு உங்கள் இடுப்பைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர்ந்தால் நல்லது. சேரவில்லை என்றால் எத்தனை விரற்கடை குறைகிறதோ அதுதான் உங்கள் வேலை. இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டியிலேயே 2022-ல் எழுதியிருக்கிறார்கள். சணல் கயிற்றுக்கு எந்தக் கடையிலும் பெரிய காசு இல்லை.

(அரைஞாண் கயிறு இருக்கிறதே, அதை வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அது உதவாது. தொப்பை விழ விழ அரைஞாண் கீழே நழுவி இடுப்பெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்சட்டை அளவும் அப்படியேதான். பத்து வருஷமாக ஒரே அளவு காற்சட்டை போடுகிறேன் என்று பெருமை பேசுகிறவர் அதை எங்கே கட்டுகிறார் என்று பாருங்கள்.)

காற்சட்டை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953-ல் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்து எழுதினார். மாடி பஸ்ஸில் நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்தது. 1956-ல் அவரும் கூட்டாளிகளும் கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவைப் பார்த்தார்கள். டிரைவர்களின் காற்சட்டைதான் பெரிசு. ஒரே பஸ், ஒரே கம்பெனி, வேலையில் மட்டும் வித்தியாசம்.

இதை நாம் எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. "நாங்க உழைக்கிற ஜனம், எங்களுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடியலில் ஏறி நூற்றுக்கணக்கான மரம் வெட்டி, மங்கு மங்காய்ப் பால் எடுக்கிறவருக்கு, செம்பனைக் குலையைத் தள்ளி வண்டியில் ஏற்றுகிறவருக்கு நாம் நடைப்பயிற்சி சொல்லவில்லை. அவருக்குத் தேவை ஓய்வும் நல்ல சாப்பாடும். ஆனால் இன்று நம்மவர்களில் எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள்? குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் தோட்டத்து வேலையின் பெரும்பகுதி இப்போது இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்கள் கையில். நம் ஆட்கள் ஜாகா வேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்; லோரி ஓட்டுகிறார்கள்; தொழிற்சாலையில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்; பாலத்தில் மோட்டாரின் மேல் மணிக்கணக்காய்க் காத்துக் கிடக்கிறார்கள். வேலை மாறிவிட்டது. தட்டு மாறவில்லை! மரம் வெட்டியவர் சாப்பிட்ட அதே சோற்றுக் குவியல், அதே டின் பால் ஊற்றிய தேத்தண்ணீர், இப்போது கூட ரொட்டி சானாயும் சேர்ந்துகொண்டது.

விளைவு என்ன? 2019-ல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேர். நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கால் எடுக்கப்பட்டவர்களையும், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களையும் நாம் எல்லாருமே உறவில் ஒருவராவது பார்த்திருக்கிறோம். எண்ணை விட அதுதான் நமக்குச் சொல்லும்.

இனி, குறி எப்படி வைப்பது? சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வை நம் மக்கள் எல்லாரும் அறிய வேண்டும். 2006-ல் முடிவு வெளிவந்தது. இனிப்பு நீர் எல்லையில் நின்ற 531 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டில் மாற்றமும் நாளுக்கு அரைமணி நடையும் சொன்னார்கள். ஏற்கெனவே உடல் உழைப்பில் இருந்தவர்களிடம், "நீங்கள் செய்வதையே தொடருங்கள்" என்றார்கள். மூன்றாண்டுக் கணக்கில், எதுவும் சொல்லப்படாதவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடந்து, சாப்பாட்டைத் திருத்தியவர்களில் 39 பேருக்குத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், தப்பித்தவர்கள் பிரிவில் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை! தராசை மட்டும் பார்த்திருந்தால் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று இரண்டாம் மாதமே நிறுத்தியிருப்பார்கள். நம் பெண்கள் பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். "நடந்து நடந்து காலு வலிச்சதுதான் மிச்சம், ஒரு கிலோகூட இறங்கலே" என்கிறார்கள். தங்கச்சி, கயிற்றை எடுத்துப் பார்த்தீர்களா?

ஆகவே நம் குறி இப்படி இருக்கட்டும். மாதம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், இடுப்பளவு. பருமனாக இருப்பவர் எடையையும் குறைக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் நூற்றில் ஐந்து, ஏழு பங்கு போதும். எண்பது கிலோ ஆளுக்கு நான்கு, ஐந்தரை கிலோ. தீபாவளிக்குள் பத்து என்று பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் நட்டம் நமக்கு, ஏனென்றால் சோறு சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சீனியை வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியமே தசைதான். அறுபது வயதில் வேலையை விட்ட நம் ஐயாமார்களுக்கு எடை அப்படியே இருக்கும், உள்ளே தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கும். அவர்கள் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பார்ப்பது தராசை விடப் பெரிய சோதனை. முடியாதவர் பிடித்துக்கொண்டாவது நாளுக்குப் பத்துத் தடவை எழுந்து உட்காரட்டும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் சொல்.

இன்னொன்று. முயற்சி எதுவும் செய்யாமலே ஒருவர் மளமளவென்று இளைத்தால் கை தட்டாதீர்கள். கட்டுக்கு அடங்காத இனிப்பு நீரும் காசநோயும் ஆளை அப்படித்தான் உருக்கும். கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

தோட்டத்து மண்டபங்களுக்கும் தாமான்களுக்கும் ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செருப்பைக் கழற்றி உலோகத் தகட்டில் நிற்கச் சொல்கிறார்கள். "அக்கா, உங்களுக்கு வயசு நாப்பது, உடம்புக்கு அறுபத்தி ரெண்டு" என்கிறார்கள். அக்கா பயந்து போய் நூற்றுக்கணக்கில் வெள்ளி கொடுத்து மாவு டப்பா வாங்குகிறார். மிஷின் பொய் என்று நாம் சொல்லவில்லை. உறைக்காத அளவு மின்சாரத்தை உடம்பில் விடுகிறது. தண்ணீர் நிறைந்த தசை அதைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்து ஊகம் செய்கிறது. மெட்ரோலாக்கூட ரப்பரைத் தனியே எடுத்துக் காட்டுவதில்லை, பாலின் அடர்த்தியை வைத்துச் சொல்வதுதானே! தண்ணீர் குடித்தால் ஓர் எண், வேர்த்து வந்தால் ஓர் எண், சாப்பிட்டதும் ஓர் எண். ஒரே மிஷினில், ஒரே வேளையில், வெறும் வயிற்றில் மாதாமாதம் பார்த்தால் கூடுகிறதா குறைகிறதா என்று ஓரளவு தெரியும். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அதில் ஏறவே கூடாது. பெண்ணுக்கு இயற்கையிலேயே கொழுப்பு விழுக்காடு ஆணைவிட அதிகம் என்பதையும் அந்த வியாபாரி சொல்ல மாட்டார். சொன்னால் டப்பா எப்படி விற்கும்?

தொழிலாளியைப் பார்த்து "நட, ஓடு, காய்கறி சாப்பிடு" என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது சுலபம். நேரம் எங்கே, இடம் எங்கே, காசு எங்கே என்று கேட்க வேண்டியது சங்கத்தின் வேலை. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகச் சட்டப்படி குறைந்தது. மூன்று மணி நேரம் நமக்கு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் கேட்பதோ வாரத்துக்கு 150 நிமிட நடை, அதாவது இரண்டரை மணி. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஆனால் அந்த மூன்று மணி எங்கே போயிற்று? ஓவர்டைமில் போயிற்று. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆன பிறகும் ஓவர்டைம் இல்லாமல் குடும்பம் நடத்த முடியவில்லை என்கிறார்கள். ஆகவே சம்பளப் பேச்சும் இடுப்பளவுப் பேச்சும் வேறு வேறு அல்ல.

1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்கு மட்டும் அல்ல, சுகாதார, மருத்துவ வசதிகளுக்கும், பயிரிட நிலம் ஒதுக்குவதற்கும் முதலாளிக்குப் பொறுப்பு வைத்துத்தான் பிறந்தது. கீரையும் வெண்டையும் போட நாலு பாத்தி கேட்பது பிச்சை அல்ல. சடுகுடு ஆடிய பழைய திடல்களைச் செம்பனைக்கு விட்டுவிடாமல் காப்பதும் அதே கணக்குத்தான். நாம் கேட்பது இன்னும் ஒன்று: ஆண்டுக்கு ஒரு தடவை, சம்பளத்தோடு கூடிய நேரத்தில், இடுப்பளவும் இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தோழர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பெர்கெசோ 2013-லேயே இலவசப் பரிசோதனையைத் தொடங்கியது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு பெக்கா பி40 திட்டம் 2019-ல் வந்தது. சலுகை இருந்தும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் எத்தனை பேர் இருந்துவிட்டார்கள்!

கிளைக் கூட்டங்களுக்கு இனி டேப்பும் சணல் கயிறும் கொண்டு வருவோம். பெண்களை அளக்கப் பெண்களே இருப்பார்கள், மறைவான அறையும் உண்டு. கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டாம். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுப்போம், தேதியையும் அளவையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். "தொப்பை இருக்கிறவனை வேலையை விட்டு நிறுத்திடுவாங்களோ" என்று சில தோழர்கள் நம்மிடம் தனியாகக் கேட்டார்கள். அந்த நோட்டு உங்கள் வீட்டில்தான் இருக்கும். மண்டோர் கைக்கும் போகாது, ஆபீசுக்கும் போகாது.